டோவர் கோட்டையும் வெள்ளைப் பாறைகளும்: தனியாக, கையைக் கடிக்காமல், ஒரே நாளில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு மாடியறையில் மாஸ்டர்ஸ் படிக்க வரும் பிள்ளைகள் தங்குவார்கள். செப்டம்பரில் பெட்டியோடு வந்து இறங்கி, கொஞ்சம் மூச்சு விட்டதும் கேட்பது: "அக்கா, டோவர் போகணும். கூட வர ஆள் இல்ல, கையில காசும் இல்ல. முடியுமா?" முடியும். நான் ஏழு தடவை போயிருக்கிறேன், அதில் ஐந்து தடவை தனியாக. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதியதை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அக்கா, டோவர்ல அப்படி என்னதான் இருக்கு?

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், ஃபிரான்ஸுக்கு மிக நெருக்கமான இடத்தில் இருக்கும் துறைமுக ஊர் அது. நடுவில் உள்ள கடல் சுமார் 33 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால் எதிர்க்கரை ஒரு சாம்பல் கோடாகத் தெரியும். சில நாள் மாலை வெயிலில் அந்தக் கரையின் பாறைகளும் வெள்ளையாகவே தெரியும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஊருக்கு மேலே குன்றில் கோட்டை. அதற்குக் கிழக்கே, கடலிலிருந்து செங்குத்தாக எழும் வெள்ளைப் பாறைகள். உயரமான இடத்தில் 110 மீட்டர் அளவுக்கு இருக்கும். பாறையின் தலையில் புல்வெளி, அதன்மேல் ஒற்றையடிப் பாதை. கீழே துறைமுகத்தில் கப்பல்கள் வருவதும் போவதுமாக இருக்கும். ஊர் பெரிய அழகில்லை. ரயிலிலிருந்து இறங்கியதும் ஏமாந்துவிடாதீர்கள், மேலே ஏறுங்கள்.

பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போகணுமா? அது பார்டர்தானே?

வேண்டாம். கப்பலில் ஏறினால்தான் எல்லை. கோட்டையும் பாறையும் இங்கிலாந்து மண்தான், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே எதிர்க்கரையில ஃபிரான்ஸோட கலே வரைக்கும் ஒரு எட்டு" என்று நினைக்காதீர்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா இல்லாமல் அது நடக்காது. மாணவர் அடையாள அட்டை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை டிக்கெட்டில் குறைத்துத் தருவார்கள்.

ரயிலா, கோச்சா? எது மலிவு?

மூன்று வழி இருக்கிறது. சென்ட் பான்கிராஸிலிருந்து ஹைஸ்பீடு ரயில், டோவர் பிரயரி ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். விக்டோரியா அல்லது சேரிங் கிராஸிலிருந்து சாதாரண ரயில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம், டிக்கெட் குறைவு. விக்டோரியா கோச் ஸ்டேஷனிலிருந்து கோச், அதாவது நெடுந்தூர பஸ், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். முன்கூட்டியே புக் செய்தால் பெரும்பாலும் இதுதான் மலிவு.

ஆனால் ஒரே நாள் பயணத்தில் மலிவு என்பது டிக்கெட் விலை மட்டும் அல்ல. கோச்சில் போக வர ஆறு மணி நேரம் போய்விடும், ஊரில் இருக்கும் நேரம் பாதியாகிவிடும். என் யோசனை: கோட்டைக்குள் போவதில்லை என்று முடிவெடுத்தால், மிச்சமான காசில் ஹைஸ்பீடு ரயிலில் போய்ப் பகல் முழுக்கப் பாறையில் இருங்கள். கோட்டை வேண்டும் என்றால் சாதாரண ரயிலில் விடிகாலையே கிளம்புங்கள்.

ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், மேனர் பார்க் பக்கம் இருப்பவர்கள் சென்ட் பான்கிராஸ் வரை போகவே வேண்டாம். அதே ஹைஸ்பீடு ரயில் ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனலில் நிற்கிறது. அது ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸ்டேஷன் அல்ல, வேறு ஸ்டேஷன். ஷாப்பிங் சென்டர் வழியாகப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். இது தெரியாமல் ரயிலை விட்டவர்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர்.

ஆய்ஸ்டர் கார்டைத் தட்டிட்டு ஏறிடலாமா?

கூடாது. லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டரும், பேங்க் கார்டைத் தட்டிப் போவதும் டோவர் வரை செல்லாது. ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனல் கேட் ஆய்ஸ்டரை ஏற்றுக்கொண்டு திறந்துவிடும், அதுதான் பிரச்சனை. இறங்கும்போது அபராதம் கட்ட வேண்டியிருக்கும். டோவர் பிரயரிக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஹைஸ்பீடு ரயிலுக்குச் செல்லும் டிக்கெட் வேறு, செல்லாத டிக்கெட் வேறு. விலை குறைந்ததை எடுத்துவிட்டு வேக ரயிலில் ஏறினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். நானும் ஒருமுறை கட்டியிருக்கிறேன். டிக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், படித்துவிட்டு ஏறுங்கள்.

ரயில்கார்டு வாங்கினா லாபமா?

16-25 ரயில்கார்டு டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். முழுநேர மாணவர் என்றால் 25 வயதுக்கு மேலும் வாங்கலாம். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. வருடத்தில் மூன்று நான்கு முறை லண்டனை விட்டு வெளியே போனாலே போட்ட காசு திரும்பிவிடும். ஒரு கணக்கு மட்டும் உண்டு: வார நாளில் காலை 10 மணிக்கு முன் பயணம் என்றால் குறைந்தபட்சக் கட்டணம் என்ற விதி குறுக்கே வரும். சனி ஞாயிறில் அது இல்லை. சனி ஞாயிறில் நாள் முழுக்க ஆஃப்-பீக் (கூட்டமில்லாத நேரக் கட்டணம்) என்பதால் ஏழு மணி ரயிலுக்கும் குறைந்த விலைதான். எனவே சனிக்கிழமை போங்கள். ஞாயிறு என்றால் தண்டவாள வேலை என்று சொல்லிப் பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றும் வாய்ப்பு உண்டு, முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தமா எவ்வளவு ஆகும்னு ஒரு நம்பர் சொல்லுங்க.

பெரிய செலவு இரண்டே இரண்டு: ரயில், கோட்டை. விலை அடிக்கடி ஏறுவதால் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்வதே சரி. மற்ற எல்லாம் சேர்த்துப் பத்து பௌண்டுக்குள் முடிக்கலாம். பாறைக்கு டிக்கெட் இல்லை. உள்ளூர் பஸ் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 பௌண்டு. சாப்பாடு வீட்டிலிருந்து. ஒரு டீ.

கோட்டைக்குள்ள காசு கட்டிப் போகணுமா? வெளியிலேர்ந்து பார்த்தா போதாதா?

நான்கு மணி நேரம் உள்ளே செலவழிக்க முடிந்தால் போங்கள், கட்டிய காசுக்கு நிறையவே இருக்கிறது. ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் போகாதீர்கள். பாதி பார்த்துவிட்டு ஓடிவருவதைவிட இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வது மேல். டிக்கெட்டை வாசலில் எடுக்காமல் முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்தால் குறையும். இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் இடம் இது; ஸ்டோன்ஹெஞ்சும் அவர்களுடையதுதான். வருடத்தில் இப்படி மூன்று நான்கு இடம் பார்க்கும் எண்ணம் இருந்தால் உறுப்பினர் சந்தாவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளே இருப்பது ஒரு கோட்டை என்று சொல்வதே சரியில்லை, இரண்டாயிரம் வருடம் ஒரே குன்றில் அடுக்கடுக்காக நிற்கிறது. ரோமானியர்கள் கப்பலுக்கு வழிகாட்டக் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. அதன் சுவரை ஒட்டிப் பார்த்தால் சிக்கிமுக்கிக் கல்லுக்கு நடுவே சிவப்பு ஓட்டுச் செங்கல் வரிவரியாகத் தெரியும். பக்கத்தில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சர்ச். நடுவில் இரண்டாம் ஹென்றி அரசர் 1180-களில் கட்டிய பெரிய கோபுரம், 25 மீட்டர் உயரம், சுவர் சில இடங்களில் ஆறு மீட்டருக்கும் மேல் தடிமன். ஜன்னல் மாடத்துக்குள் போய் நின்றால்தான் அந்தத் தடிமன் புரியும். வெளிச்சம் ஒரு சின்ன அறையைத் தாண்டி வருவது போல இருக்கும். 1216-ல் ஃபிரெஞ்சு இளவரசர் லூயியின் படை வாசல் கோபுரத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டி அதைச் சரித்தது. உள்ளே இருந்தவர்கள் மரக்கட்டைகளைப் போட்டு அடைத்துக் கோட்டையைக் காப்பாற்றினார்கள்.

உள்ளே எதை முதல்ல பார்க்கணும்?

சுரங்கங்களை. இரண்டாம் உலகப் போர்ச் சுரங்கங்களுக்கு வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுவார்கள், மதியம் வரிசை நீண்டுவிடும். நெப்போலியன் காலத்தில் படைவீரர்கள் தங்க வெட்டிய இந்தச் சுரங்கத்தில்தான் 1940-ல் துணை அட்மிரல் ராம்சே உட்கார்ந்து, ஃபிரான்ஸின் டன்கிர்க் கரையில் சிக்கிய படைகளின் மீட்பை நடத்தினார். மே 26 முதல் ஜூன் 4 வரை 3,38,226 பேரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். டன்கிர்க்கில் இருந்தவர்களில் கோவேறு கழுதைகளோடு போன இந்தியப் படைப் பிரிவினரும் உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சுரங்கத்தில் நடந்தால் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் பெரிய கோபுரம். சுருள் படிக்கட்டு, குறுகல். கையில் ஒன்றும் இல்லாமல் ஏறுங்கள். கடைசியாக ரோமானியக் கலங்கரை விளக்கம். அங்கே கூட்டம் இருக்காது, உட்கார்ந்து காலை நீட்டலாம்.

வெள்ளைப் பாறைக்கு டிக்கெட் எங்க வாங்கணும்?

எங்கும் வேண்டாம். நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது. கார் நிறுத்தத்தான் கட்டணம், நடந்து போகிறவருக்கு ஒன்றும் இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடந்து கடற்கரைச் சாலையைப் பிடியுங்கள், கிழக்குக் கோடி வரை போங்கள். கப்பல் துறைக்கு முன்னால் அத்தால் டெரஸ் என்ற வீட்டு வரிசை வரும். அதன் கோடியில் பாதை பாறைமேல் ஏறுகிறது. ஸ்டேஷனிலிருந்து பார்வையாளர் மையத்துக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதி மூச்சு வாங்கும்.

கோட்டையிலிருந்து வருபவர்கள் கீழே ஊருக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டாம். கோட்டைக்குப் பின்னால் போகும் சாலை வழியாகவே அரை மணி நேரத்தில் பாறைக்கு வந்துவிடலாம். போகும் வழியில் மரங்களுக்கு நடுவே புல்தரையில் ஒரு விமானத்தின் வடிவத்தைக் கருங்கல்லில் பதித்திருப்பார்கள். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ முதன்முதலாக இந்தக் கடலை விமானத்தில் தாண்டி வந்து இறங்கிய இடம். இறக்கை நுனியிலிருந்து மறுநுனிக்கு நடந்து பாருங்கள், எவ்வளவு சின்ன விமானம் என்று தெரியும்.

பாறை ஏன் அவ்வளவு வெள்ளையா இருக்கு?

முழுக்கச் சுண்ணம், சாக்பீஸ் மாதிரி. ஏழு முதல் பத்து கோடி வருடங்களுக்கு முன் இது கடலடி. கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்களின் ஓட்டுத் துகள்கள் படிந்து படிந்து இறுகியதுதான் இந்தப் பாறை. அலை அடித்துச் சரிந்துகொண்டே இருப்பதால் புல் பிடிக்க நேரமில்லை, வெள்ளையாகவே இருக்கிறது.

பாதையில் கிடக்கும் ஒரு துண்டை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். விரலில் கோலமாவு மாதிரி ஒட்டும். நகத்தால் கீறலாம். இடையில் கறுப்பாக, கண்ணாடி மாதிரி உடைந்த விளிம்போடு இருப்பது சிக்கிமுக்கிக் கல். கோட்டையின் பழைய சுவரில் பார்த்தோமே, அதே கல். ரோமானியர்களுக்குக் காலடியிலேயே கிடைத்திருக்கிறது.

ஓரத்துல நின்னு ஃபோட்டோ எடுக்கலாமா? இன்ஸ்டால எல்லாரும் எடுக்குறாங்களே!

தயவுசெய்து வேண்டாம். மேலே சொன்னேனே, நகத்தால் கீறக்கூடிய கல் அது. 2001-லும் 2012-லும் இங்கே பெரிய துண்டுகள் அப்படியே கடலில் சரிந்தன. பல இடங்களில் விளிம்புப் புல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே பாறையே இருக்காது. மேலே நிற்பவருக்கு அது தெரியாது. பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால்தான் தெரியும். நிறைய இடங்களில் வேலியும் கிடையாது.

நான் வைத்திருக்கும் அளவு, விளிம்பிலிருந்து என் பத்து எட்டு. மழைக்கு அடுத்த நாளும், காற்று பலமாக இருக்கும் நாளும் இன்னும் அதிகம். நல்ல படம் வேண்டுமா? பாதை ஒரு வளைவில் திரும்பும்போது எதிர்ப்பாறை முழுசாகத் தெரியும், அங்கிருந்து எடுங்கள். விளிம்பில் நின்றால் காலடியில் உள்ள வெள்ளை படத்தில் விழவே விழாது. யாராவது விழுந்ததைப் பார்த்தால் 999 அழைத்து கோஸ்ட்கார்டு என்று கேளுங்கள், நீங்கள் எட்டிப் பார்க்காதீர்கள்.

ஒரு பொண்ணு தனியா போறது பரவாயில்லையா?

பகலில் தாராளமாக. பாதையில் நாயோடு நடப்பவர்கள், பள்ளிக்கூடக் குழுக்கள் என்று ஆட்கள் இருந்துகொண்டே இருப்பார்கள். எனக்கு ஒருமுறைகூடப் பயமாக இருந்ததில்லை. இருட்டுவதற்கு முன் ஊருக்குள் வந்துவிடுங்கள். பாதையில் விளக்கு இல்லை. கிளம்பும்போதும் திரும்பும்போதும் வீட்டில் ஒருவருக்கு மெசேஜ் போடுங்கள். ஃபோன் சார்ஜ் குளிரில் சீக்கிரம் இறங்கும், பவர்பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போவதில் எனக்குப் பிடித்தது, யாருக்காகவும் அவசரப்பட வேண்டாம் என்பது. ஒருமுறை புல்லில் உட்கார்ந்து ஒரே ஒரு கப்பலை, துறைமுக வாயிலிலிருந்து புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கூட ஆள் இருந்தால் "போலாமா?" என்று கேட்டிருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்றது?

கட்டுச்சோறுதான். புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி உருளைக்கிழங்கு, எதுவும் தாங்கும். குழம்பு ஊற்றியது வேண்டாம், காற்றில் தட்டைப் பிடிக்கவே கை போதாது. ஒரு லிட்டர் தண்ணீராவது எடுங்கள். பார்வையாளர் மையத்தில் டீக்கடையும் கழிவறையும் உண்டு. அதைத் தாண்டினால் நெடுந்தூரத்துக்கு ஒன்றும் இல்லை.

கடற்காகங்களிடம் கவனம். கோழி அளவுப் பறவை, பின்னாலிருந்து வரும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவின் கையிலிருந்து முழு சாண்ட்விச்சையும் ஒரே கவ்வில் கொண்டுபோனது. சுவர் அல்லது புதருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். மிச்சத்தை வீசாதீர்கள்.

கலங்கரை விளக்கம் வரைக்கும் நடக்கணுமா?

கால் ஒத்துழைத்தால் நடங்கள். பார்வையாளர் மையத்திலிருந்து சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஏற்ற இறக்கத்தோடு ஒரு மணி நேரம். நடுவில் எக்ஸ்மூர் குட்டைக் குதிரைகள் மேயும், தொட வேண்டாம். ஃபேன் பே என்ற இடத்தில் 1940-ல் தோண்டத் தொடங்கிய பதுங்கு அறைகள் பாறைக்குள் 23 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. 125 படி இறங்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திறப்பார்கள்.

சவுத் ஃபோர்லேண்ட் விளக்கத்துக்கு வெளித்தோற்றத்தைவிடப் பெரிய கதை உண்டு. கலங்கரை விளக்கத்தில் மின்வெளிச்சத்தை முதலில் சோதித்துப் பார்த்தது இங்கேதான். மேற்பார்வை பார்த்தவர் ஃபாரடே. 1898-ல் மார்க்கோனி கடலில் நின்ற விளக்குக் கப்பலுக்கும் இந்த இடத்துக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி அனுப்பினார். திரும்பி நடக்க முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் போய் செயின்ட் மார்கரெட்ஸ் கிராமத்தில் டோவர் பஸ்ஸைப் பிடிக்கலாம். ஞாயிறில் பஸ் குறைவு.

ஃபோன்ல "ஃபிரான்ஸுக்கு வருக"னு மெசேஜ் வந்துது, காசு போயிடுமா?

போகலாம். பாறையின் சில இடங்களிலும், குறிப்பாக செயின்ட் மார்கரெட்ஸ் பே கடற்கரையிலும், ஃபிரெஞ்சு டவரின் சிக்னல் நம்முடையதைவிட வலுவாகக் கிடைக்கும். சில சிம்களில் ஐரோப்பிய ரோமிங்குக்குக் கட்டணம் உண்டு. ரயிலில் வரும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது கடிகாரம். ஃபிரான்ஸ் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஃபோனும் தானாக அதற்கு மாறிவிடும். போன வருடம் ஒரு தங்கச்சி ரயில் போய்விட்டது என்று நினைத்து அழுதுகொண்டே ஃபோன் செய்தாள். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அங்கே ரயில் நேரத்துக்குக் கைக்கடிகாரத்தை நம்புங்கள். வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை, பாறை, விளக்கம், கடற்கரை எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாமா?

ஜூன் மாதம், காலை ஒன்பது மணிக்கே டோவரில் இறங்கி, நல்ல நடைக்காரர் என்றால் முடியும். ஆனால் நான் செய்ய மாட்டேன். கோட்டை திறந்ததும் நுழைந்து இரண்டு மணிக்கு வெளியே வந்து, பின்பக்கச் சாலை வழியாகப் பாறைக்குப் போய், விளக்கம் வரை போகாமல் பாதி வழியில் உட்கார்ந்து, ஆறு மணிக்கு ஊருக்கு இறங்குங்கள். கோட்டை இல்லாத நாள் என்றால் பாறை, விளக்கம், செயின்ட் மார்கரெட்ஸ் பே. கீழே இறங்கி அலைக்குப் பக்கத்தில் நிற்க ஆசைப்படுபவர்களுக்கு அந்தக் கடற்கரைதான் சரி; மற்ற இடங்களில் பாறை அடிவாரத்துக்குப் போகாதீர்கள், கடல் ஏறினால் வழி அடைபட்டுவிடும்.

எந்த மாசம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். மே, ஜூனில் பாறைப் புல்லில் ஆர்க்கிட் பூக்கள், சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், குளிர்காலத்தில் கோட்டை பெரும்பாலும் சனி ஞாயிறு மட்டுமே திறக்கும். எந்த மாதமானாலும் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் வேண்டும், குடை வேண்டாம், ஒடிந்துவிடும். நல்ல பிடிப்புள்ள ஷூ முக்கியம். நனைந்த சுண்ணம் சோப்பு போட்ட குளியலறைத் தரை மாதிரி வழுக்கும்.

நம்ம ஆளுங்களுக்கும் அந்தக் கடலுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

இருக்கிறது, நானே தேடிப் போய்ப் பார்த்த தொடர்பு. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் பாக் நீரிணையைப் போகவர 51 மணி நேரத்தில் நீந்தியவர். 1984 ஆகஸ்ட் 6 அன்று இந்த ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது இதே நீரில் உயிர்விட்டார். பத்து வருடம் கழித்து, 1994-ல், தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் பள்ளிச் சிறுவனாக இருக்கும்போதே இதை நீந்திக் கடந்தார்.

ரயிலுக்கு முன் அரை மணி நேரம் இருந்தால் கடற்கரைச் சாலையில் 1875-ல் முதலில் நீந்திக் கடந்த கேப்டன் வெப்பின் மார்பளவுச் சிலையைப் பாருங்கள். அதற்கு எதிரே துறைமுகச் சுவருக்குள் இருக்கும் கூழாங்கல் கரையில்தான் கால்வாயை நீந்த வருபவர்கள் கோடையில் பயிற்சி எடுப்பார்கள். ஜூலையில்கூடத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும் குளிர். ஷூவைக் கழற்றி முழங்கால் வரை இறங்கிப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் பாதம் மரத்துப்போகும். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு இருபது நிமிட நடை.